மகமையும் நகர்மன்றமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை பெய்தால் கண்மாய் நிறையும்; பொய்த்தால் கரிசல் வெடித்துக் கிடக்கும். சுந்தரர் பாடிய திருச்சுழியலை ஒட்டிச் செல்லும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாறாகவே காட்சி தரும். இத்தகைய நிலத்தில் ஊர்ப்பொது என்னும் உணர்வு தண்ணீரிலிருந்தே பிறந்தது.

பயிருக்குக் கண்மாய், குடிநீருக்கு ஊருணி என்று முன்னோர் நீர்நிலைகளைப் பிரித்து வைத்தனர். ஊருணியில் குளித்தல் ஆகாது. துணி துவைத்தல் ஆகாது. கால்நடை இறங்குதல் ஆகாது. இவை எழுதாச் சட்டங்கள். ஒப்புரவாளன் செல்வத்துக்கு வள்ளுவர் ஊருணியை உவமை காட்டினார். அவ்வுவமையின் ஆழம் இந்நிலத்தாருக்கு உரையின்றியே விளங்கும். ஆயினும் வள்ளுவர் உலகத்தை எண்ணிச் சொன்னார். ஊரோ நெடுங்காலம் தன் தெருவை எண்ணியே நடந்தது. நிறைந்த ஊருணியில் யார் குடம் நனைக்கலாம் என்ற வினாவே இவ்வட்டாரத்துப் பொதுப்பணி வரலாற்றின் உள்ளோட்டமாகும்.

அருப்புக்கோட்டை நெசவாளரும் வணிகரும் வளர்த்த நகரம். தேவாங்கர், சாலியர் முதலிய நெசவாளர் தெருக்களில் தெருவே தொழிற்கூடமாக இருந்தது. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கஞ்சி தோய்த்து நீவி உலர்த்துவர். தெருப்பாவு என்பது அதன் பெயர். அதற்குத் தெரு நேராக இருக்க வேண்டும், சாக்கடை வழிந்தோடலாகாது, பாவு காயும்வரை வண்டியும் மாடும் விலகிச் செல்ல வேண்டும். ஒரு வீட்டார் குப்பையை வீதியில் கொட்டினால் அடுத்த வீட்டார் பாவு கெடும். தெருத்தூய்மை இன்னதெனச் சட்டம் கூறுமுன்பே தொழில் அதைக் கற்பித்துவிட்டது.

வணிகரிடையே எழுந்த அமைப்பு வேறு வகையினது. சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் 19-ஆம் நூற்றாண்டில் நாடார் வணிகர் பேட்டைகளை அமைத்தனர். பேட்டை என்பது வண்டியும் மாடும் சரக்கும் இராத்தங்குதற்குரிய மதில் சூழ்ந்த இடம். அங்கு வந்துபோகும் சரக்கின்மீது சிறு தொகை பொதுவுக்கென எடுக்கப்பட்டது. அதுவே மகமை. மகமையை ஆண்டது உறவின்முறை. முறைகாரர் முறைவைத்துப் பொறுப்பேற்றனர். வரவு செலவு உறவின்முறைக் கூட்டத்தின் முன் வைக்கப்பட்டது. அமெரிக்க அறிஞர் இராபர்ட் ஹார்டுகிரேவ் 1969-ல் வெளியிட்ட ஆய்வுநூல் இவ்வமைப்பை விரிவாக விளக்குகிறது.

மகமைப் பணம் கிணறாயிற்று, கோயிலாயிற்று, திருமண மண்டபமாயிற்று, பின்னர்ப் பள்ளியாயிற்று. விருதுபட்டியில் காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை வீடுதோறும் திரட்டிய பிடியரிசியாலும் நடந்தது. அருப்புக்கோட்டையில் சைவ பானு சத்திரியக் கல்வி நிறுவனங்களும், நெசவாளர் முயற்சியால் தேவாங்கர் கலைக்கல்லூரியும் பிற்காலத்தே தோன்றியமைக்கு இப்பழக்கமே வேர். அரசு வருமென்று காத்திராமல், வணிகத்தில் ஒரு துளியும் உலையில் ஒரு பிடியும் எடுத்துவைத்த மக்கள் அவர்கள்.

இப்பழக்கத்தின் உயிர் பணத்தில் இல்லை, கணக்கில் இருந்தது. கொடுத்தவன் கூட்டத்தில் உட்கார்ந்து, போன பணம் எங்கே என்று கேட்டான். தமிழகத்துக்கு இது புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலின் விதிகளைக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்தலில் நிற்கலாகாது. அவர்தம் நெருங்கிய உறவினரும் நிற்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. அதே கல்வெட்டு நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடையார்க்கே அவ்வுரிமையை வரையறுத்தது என்பதையும் மறத்தலாகாது. கணக்கில் கண்டிப்பு, வாசலில் இறுக்கம் ஆகிய இரண்டும் அச்சபையில் சேர்ந்தே இருந்தன.

மகமைக்கும் அவ்வாசல் இருந்தது. அது உருவான காலத்தில் நாடார்களே பல கோயில்களுக்கும் தெருக்களுக்கும் வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். 1897-ல் அவர்கள் கமுதிக் கோயிலுள் நுழைந்தபோது இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். 1908-ல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. இடையில் 1899-ல் சிவகாசிக் கலவரம் நிகழ்ந்தது. ஊர்ப்பொதுவில் இடம் மறுக்கப்பட்டவர் தமக்கெனப் பொதுவை அமைத்துக்கொண்டது இயல்பே. ஆயின் அவ்வாறு அமைந்த பொது, தனக்கும் கீழே வைக்கப்பட்டிருந்த சேரியின் குடத்தை நிறைக்கவில்லை. ஒவ்வொரு சமூகமும் தன் தெருவுக்குக் கிணறு வெட்டியது. எவரும் வெட்டித்தராத தெருவும் இருந்தது.

அத்தெருவைத் தேடி வரவேண்டியது சட்டம். அது மெல்லவே வந்தது. சென்னை மாகாணத்தில் 1865-லும் 1871-லும் நகர மேம்பாட்டுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1882-ல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தல சுயாட்சித் தீர்மானத்தையொட்டி 1884-ல் மாவட்ட நகராட்சிச் சட்டம் வந்தது. 1910-ல் இராமநாதபுரம் மாவட்டம் தோன்ற, அருப்புக்கோட்டை அதன்பாற்பட்டது. 1920-ல் புதிய மாவட்ட நகராட்சிச் சட்டமும் நகரமைப்புச் சட்டமும் நிறைவேறின. இவற்றால் நகர்மன்றம் உறவின்முறையைப்போல் ஒரு சமூகத்துக்கு உரியதாகாமல் ஊருக்கு உரியதாயிற்று. எனினும் வாக்கு வரி செலுத்துவோர்க்கே உரியதாயிருந்தது. சாதி வாசல் சற்றே திறந்த இடத்தில் சொத்து வாசல் நின்றது.

அக்காலத்தே மதுரைக்கு வந்த ஒருவரின் கருத்து இங்கு நினைக்கத்தக்கது. ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ் 1914-15-ல் சென்னை மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். நெரிசலான பகுதிகளை இடித்துத் தள்ளி அகன்ற சாலை போடுவதே சீர்திருத்தம் என்று அதிகாரிகள் எண்ணிய காலம் அது. கெடிஸ் அதை மறுத்தார். வீடுகளைக் கூடியவரை காத்து, பாழடைந்தவற்றை மட்டும் நீக்கி, சிறு வெளிகளையும் மரநிழலையும் உண்டாக்கினால் போதும் என்றார். தெருவைத் திருத்துமுன் தெருவில் வாழ்வோரைக் காணவேண்டும் என்பது அவர் நெறி. தெருப்பாவு காய்ந்த வீதிகளை உடைய வட்டாரத்துக்கு அந்நெறி எளிதில் பொருந்துவது.

சேரியின் உரிமை சட்டமன்றத்தில் ஒலித்தது 1924-ல். பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லார்க்கும் உரியவை என இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொணர்ந்தார், அரசாணையும் பிறந்தது. பின்னர் டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன் இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, ஒடுக்கப்பட்ட மக்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகள் உரிமத்தை இழக்கும் என்று ஆணையிட்டார். மகமை வளர்த்த சமூகத்தில் பிறந்தவர் அவர். தம் சமூகம் நின்ற வாசலுக்கு வெளியே இன்னும் பலர் நிற்பதை அவர் கண்டார். தெருவின் பொது ஊரின் பொதுவாகத் திரும்பிய திருப்பங்களுள் இஃதொன்று.

விடுதலைக்குப்பின் வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வாய்த்தது. வைகையும் தாமிரபரணியும் குழாய்வழி அருப்புக்கோட்டைக்கு வந்தன. ஆனால் வாசல் அகன்றபோது கணக்குக் கேட்கும் பழக்கம் தளர்ந்தது. ஊருணியைக் காத்த கண்கள், குழாய் வந்தபின் அதிகாரியின் வாகனத்தை எதிர்நோக்கின. நகர்மன்றத் தேர்தலும் ஒழுங்காக நடைபெறவில்லை. 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தபின் 1996-ல் தமிழகத்தில் தேர்தல் நடந்து, மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கிடைத்தது. 2016 முதல் 2022 பிப்ரவரி வரை மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமின்றியே நகரங்கள் ஆளப்பட்டன. அத்திருத்தம் கட்டாயமாக்கிய வார்டு குழுக்களும் மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கே உரியவை. 2011 கணக்கெடுப்பில் தொண்ணூறாயிரத்துக்கும் குறைந்த மக்களைக் கொண்ட அருப்புக்கோட்டை அவ்வரம்புக்குள் வரவில்லை.

கொடுத்தலும் கேட்டலும் கூடிய முயற்சிகள் இதற்கிடையே தலைநகர்ப் பக்கம் தோன்றின. 1989-ல் எம்.பி. நிர்மல் சென்னையில் எக்ஸ்னோரா இயக்கத்தைத் தொடங்கினார். தெருவார் கூடிச் சந்தா திரட்டிக் குப்பையை அகற்றும் ஏற்பாடு பல தெருக்களில் பரவியது. 1996-ல் ஆர்.எஸ். பாரதி தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆலந்தூர் நகராட்சியில், பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5000 ரூபாய் வைப்புத்தொகை செலுத்த மக்கள் முன்வந்தனர். குடியிருப்போர் நலச் சங்கங்கள் வீடுவீடாகச் சென்று எடுத்துரைத்தன. மகமை வேறு வடிவில் நகர்மன்றத்தின் கூரைக்கே வந்துவிட்டது எனலாம். ஆயினும் சந்தா செலுத்த இயலாத தெரு என்னவாகும் என்ற பழைய வினா இங்கும் எழுகிறது. அதற்கு விடை கூற வேண்டியது அரசின் நிதியே. தெருவின் ஈகை மட்டும் போதாது.

1920-ஆம் ஆண்டுச் சட்டம் 2023 வரை தமிழக நகராட்சிகளை ஆண்டது. அதன் இறுதிக் காலத்தில் ஒரு வாசல் திறந்தது. 2022-ல் வகுக்கப்பட்ட விதிகளின்படி வார்டுகள் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அப்பகுதி வாக்காளர் கூடும் பகுதி சபைகள் அமைந்தன. 1.11.2022 அன்று உள்ளாட்சி நாளில் அவற்றின் முதற் கூட்டங்கள் நடைபெற்றன. நெசவாளர் தெருவும் வணிகர் தெருவும் சேரித்தெருவும் ஒரே சபையில் அமர்ந்து, தெருவிளக்கு எரியாதது ஏன், தண்ணீர் இத்தனை நாள் கழித்து வருவது ஏன், ஒதுக்கிய பணம் போனது எங்கே என்று கேட்க இவ்வட்டாரத்துக்குச் சட்டம் தந்த இடம் அது.

இடம் மட்டும் போதாது. மகமைக் கூட்டத்தில் உட்கார்ந்தவன் கையில் இரண்டு இருந்தன: தான் கொடுத்தது என்னும் உரிமை, கேட்காமல் எழமாட்டேன் என்னும் பிடிவாதம். முன்னதை இன்று வரியும் வாக்கும் எல்லார்க்கும் தந்துவிட்டன. பின்னது பழக்கத்தால் மட்டுமே வருவது. அப்பழக்கத்தை இந்நிலத்து மக்கள் வேறெங்கும் சென்று கற்க வேண்டுவதில்லை. தாத்தாக்கள் செய்ததைத் தெரு எல்லை கடந்து செய்தால் போதும்.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்துக்கும் இவ்வரலாறு அயலானதன்று. சிறு சந்தாவும், ஆண்டுக் கூட்டத்தில் படிக்கப்படும் கணக்கும், யாரும் வந்தமரலாம் என்று திறந்து வைத்த கதவும் கொண்டே இத்தகைய வட்டங்கள் வாழ்கின்றன. கவியரங்கில் அருகருகே அமர்வோர் பகுதி சபையிலும் அவ்வாறே அமர்வாராயின், கரிசல் மண்ணின் ஊருணி வள்ளுவர் எண்ணிய அளவுக்கு அகலும்.