நெருப்புப் பிடித்த மரம்

உயர்தரத்தில் உயிரியல் எடுத்தால் மருத்துவம், கிடைக்காவிட்டால் வேறேதும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். மரத்தின் அடியில் உறை கட்டி வாயு அளப்பதும் ஒரு வாழ்நாள் வேலை என்று ஒருத்தரும் சொல்லேல்லை. அந்த வேலைக்கு நூறு வருசத்துக்கும் மேற்பட்ட கதை ஒன்று இருக்கிறது.

1907இல் அமெரிக்காவின் கன்சாஸில் புஷொங் என்ற இரசாயனவியலாளர், வெட்டிய கொட்டன்வூட் மரத்தில் (எங்கட இலவமரம் இல்லை, பொப்லர் இனம்) சாற்றோடு குமிழி வருவதைக் கவனித்தார். நெருப்புக்குச்சியைக் கிட்டப் பிடித்தார். வாயு நீலமாக எரிந்தது. ஆராய்ந்தபோது அதில் மெதேன் இருந்தது.

வோல்ற்றா 1776இலேயே சதுப்புச் சேற்றில் கண்ட அதே வாயு. ஆனால் உயிருள்ள மரத்துக்குள் அது என்ன செய்கிறது? 1974இல்தான் ஸைக்கஸும் வார்டும் சரியான பதிலைத் தந்தார்கள்: ஈரம் ஊறி ஒட்சிசன் அற்றுப்போன உள்மரத்தில் வாழும் நுண்ணங்கிகள்தான் அதை உண்டாக்குகின்றன.

அதோடு கதை சூடுபிடித்திருக்க வேணும். பிடிக்கேல்லை. எங்கள் பார்வையில் காரணம் எளிது. மரம் படித்தவர்களுக்கு அது பலகையைக் கெடுக்கிற நோய். காற்றைப் படித்தவர்களோ சதுப்பு, வயல், மாடு என்றுதான் மெதேனைத் தேடினார்கள். இரண்டு துறைக்கும் நடுவில் கேள்வி அநாதையாகக் கிடந்தது. நூறு வருடக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டும் வாயு என்பதை நினைத்தால், இது சின்ன மறதியில்லை.

2012இல் கனெக்டிகட் காட்டில் யேல் பல்கலைக்கழகக் குழு மரங்களைத் துளைத்துப் பார்த்தது. சில மரங்களுக்குள் மெதேன் வெளிக்காற்றில் உள்ளதைப்போல 80,000 மடங்கு வரை இருந்தது. அதுவும் வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமான மரங்கள்!

பிறகு அமேசன். வானிலிருந்து அளந்த மெதேனுக்கும் நிலத்தில் எண்ணியதற்கும் கணக்கு ஒத்துவரேல்லை. கிட்டத்தட்டப் பாதியைக் காணேல்லை. சுனிதா பங்களாவும் குழுவினரும் வெள்ளக்காடுகளில் 2,300க்கும் மேற்பட்ட மரங்களை அளந்தார்கள். அடிமரத்தைச் சுற்றிக் காற்றுப்புகாத உறை, உள்ளே சேரும் வாயு, நேரக் கணக்கு, அவ்வளவுதான் முறை. சேற்றில் உண்டான மெதேன் வேரால் ஏறித் தண்டால் வெளியேறுகிறது என்று தெரிந்தது. காணாமல்போன பங்கை மரங்களே விட்டுக்கொண்டிருந்தன. 2017இல் முடிவு வெளியானது.

‘அப்ப மரமே கூடாதோ?’ என்று அவசரப்பட வேண்டாம். 2024இல் வின்சன்ட் கௌசியின் குழு, மேட்டுநிலக் காடுகளில் தண்டின் மேற்பகுதிப் பட்டை மெதேனை உள்ளெடுப்பதைக் காட்டியது. பட்டையில் வாழும் வேறு நுண்ணங்கிகள் அதைத் தின்கின்றன. ஒரு மரம் விடுகிறதா, எடுக்கிறதா என்பது அது நிற்கும் இடத்தையும் நாம் அளக்கும் உயரத்தையும் பொறுத்தது.

இப்படி அளக்கும் பொறுமை எங்கட நாட்டுக்குப் புதிசில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல், சாவித்திரி குணதிலக்க தம்பதியர் 1993இல் தொடங்கிய சிங்கராஜா ஆய்வு நிலம் 25 ஹெக்ரயர். ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள கன்றுவரை, இரண்டு இலட்சத்துக்கும் மேல் ஒவ்வொன்றாக அளந்து இலக்கமிட்டார்கள். அந்தத் தடிப்பிலிருந்துதான் காடு பிடித்துவைத்திருக்கும் காபனைக் கணக்கிடுவது.

மாரியில் வன்னிக் குளங்கள் நிரம்பும்போது கரை மருத மரங்கள் தண்ணிக்குள்ளே நிற்கும். அவற்றின் அடியில் உறை கட்டப் போறது ஆர்?