ஒற்றைப் பல் கிழவர்

ஜார்ஜியா நாட்டின் த்மானிசியில் கிடைத்த, ஏறத்தாழ 17.7 லட்சம் ஆண்டுப் பழைய மண்டையோடு ஒன்று 2005இல் நேச்சர் இதழில் வெளியானது. சாகும்போது அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பல். மற்ற பற்களின் குழிகளை எலும்பு மூடி வளர்ந்திருக்கிறது. அதற்குச் சில ஆண்டுகளாவது பிடித்திருக்கும்.

அத்தனை நாள் மனுஷன் என்னத்தைத் தின்னு உயிரோட இருந்தார்? யாரோ ஊட்டினார்கள், இதோ அன்பின் முதல் சான்று என்று சொல்லத் தோன்றும். பல் போன சிம்பன்சிகளும் பிழைக்கின்றனவே என்பது மறுப்பு. நியாயமான மறுப்புதான். ஆனா த்மானிசியில் குளிர்காலம் உண்டு. பழத்தை நம்பி இருக்க முடியாது. அங்கே கல்லாயுதங்களும், வெட்டுத்தடம் பதிந்த விலங்கெலும்புகளும் கிடைத்திருக்கின்றன. எலும்பை உடைத்தால் மஜ்ஜை. அதுக்குப் பல் வேண்டாம், அவரே உடைத்து உறிஞ்சியிருக்கலாம். ஆனால் இரையைச் சுற்றி நின்ற பசித்த கூட்டம் அவரை விரட்டாமல் இருந்திருக்க வேண்டுமே!

பிறருக்காக உயிரைக் கொடுப்பவனுக்குப் பெரும்பாலும் வாரிசு மிஞ்சாது, பிறகு அந்தக் குணம் எப்படிப் பரவும் என்று 1871இல் டார்வின் கேட்டார். கடினமான கேள்வி. எனக்கென்னவோ அறம் அவ்வளவு உயரத்தில் தொடங்கியதாகத் தோன்றவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்த கிழவரை விரட்டாமல் விட்ட இடத்தில்தான் அதைத் தேடுவேன். விரட்டாமல் விடுவதற்கு உயிர் போகாது, கொஞ்சம் மஜ்ஜைதான் போகும்.