கண்டிச் சீமையின் பல்லாண்டுப் பூஞ்செடிகள்

ரொபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயக் கப்பலோட்டி 1660ஆம் ஆண்டிற் கொட்டியாரக் குடாவிலே பிடிக்கப்பட்டு, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் நாட்டில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கைதியாக வாழ்ந்தார். 1679இல் தப்பிச் சென்ற அவர், 1681இல் இலண்டன் நகரிலே தமது நூலை வெளியிட்டார். நெல்லையும் யானையையும் வரியையும் தண்டனையையும் விரித்தெழுதிய அந்நூலிலே பூக்களுக்கும் ஒரு சிறு பகுதி உண்டு. கண்டி நாட்டிற் பூக்கள் பெரும்பாலும் தாமாகவே காட்டில் மலர்வன என்றும், அவற்றை நட்டு வளர்ப்பார் அரியர் என்றும் அவர் கூறுகின்றார். ஆயினும் ஒரு செடிக்கு மட்டும் அவர் விலக்குக் கொடுக்கின்றார். மாலை நான்கு மணியளவில் விரிந்து, இரவெல்லாம் மலர்ந்திருந்து, விடியலிற் குவிந்துவிடும் செடி அது. மேகம் மூடிச் சூரியனைக் காணமுடியாத நாட்களில் மணிக்கூட்டுக்குப் பதிலாக உதவுமென்று சிலர் அதனைக் காட்டிலிருந்து பெயர்த்துத் தம் வளவிலே நட்டனர். அவர் எழுதிய சிங்களப் பெயர் இன்றும் வழக்கிலுள்ளது. தமிழர் அதனை அந்திமந்தாரை என்பர்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அந்திமந்தாரை இலங்கைக் காட்டிற் பிறந்த செடியன்று. அமெரிக்க வெப்ப நாடுகளுக்கு உரியது. ஐரோப்பியர் அதனைப் பெரு நாட்டின் அற்புதம் என்றே அழைத்தனர். போர்த்துக்கேயர் இத்தீவிலே காலடி வைத்தது 1505ஆம் ஆண்டளவில். அவர்தம் கப்பல் வழியாகவே அச்செடி வந்திருத்தல் வேண்டும். அங்ஙனமாயின், யாரோ ஒருவர் அழகுக்காக நட்ட செடி, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குள் கடற்கரையிலிருந்து மலைநாட்டுக் காடுவரை ஏறி, அந்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த ஒருவரே காட்டுச்செடி என நம்பும் அளவுக்கு ஊன்றிவிட்டது. நிலத்தின் கீழே கிழங்கு; மேலே எண்ணற்ற கரிய விதைகள். வெட்டினாலும் மீண்டும் துளிர்க்கும், விட்டாலும் பரவும். கண்டிச் சீமைத் தோட்டங்களின் வரலாறு முழுவதும் இந்த ஒரு செடியிலே சுருங்கிக் கிடக்கின்றது எனலாம்.

நொக்ஸ் கூறும் மற்றொரு பூ, மல்லிகை இனத்தைச் சேர்ந்த பிச்சி. மன்னனுக்கென நாள்தோறும் காலையில் அப்பூ வெள்ளைத் துணியிற் பொதிந்து, கோலிலே தொங்கவிட்டுக் கொண்டுசெல்லப்பட்டது. வழியில் எதிர்ப்பட்டோர் எல்லாரும் ஒதுங்கி நிற்றல் வேண்டும். இத்தொழிலுக்கென மானிய நிலம் பெற்ற ஊழியர் இருந்தனர். ஆற்றங்கரை ஈரத்தை அச்செடி விரும்புமாதலின் அங்கேயே பெரும்பாலும் நட்டனர். அன்றியும், எவருடைய நிலத்திலேனும் அச்செடியை நட்டு, வேலியிட்டு, அந்நிலத்தைப் பூவுக்கே உரியதாக்கும் அதிகாரமும் அவர்களுக்கு இருந்ததென நொக்ஸ் எழுதுகின்றார். நிலத்துக்கு உரியவன் என்ன நினைத்தான் என்பதை அவர் எழுதவில்லை. பிறர் நிலத்தைப் பூவொன்று பிடித்துக்கொள்ளும் கதை, மன்னராட்சி மறைந்த பின்னரும் அச்சீமையில் வேறு வடிவிலே தொடர்ந்தது.

1815இற் கண்டி அரசு ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1821இல், அலெக்சாந்தர் மூன் என்பவர் களுத்துறையிலிருந்த அரசினர் தோட்டத்தைப் பேராதனைக்கு மாற்றினார். மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோடும் அந்நிலம் கண்டி மன்னர் உறைவிடமாயிருந்த இடம். 1824இல் மூன் வெளியிட்ட பட்டியலிலே இலங்கைத் தாவரங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இடம்பெற்றன. அடுத்த ஆண்டே அவர் இறந்தார். பின்னர்ச் சிலகாலம் தோட்டம் தன் நோக்கத்தை மறந்து, பலாவும் தேங்காயும் காய்கறியும் விளைவித்துக் கண்டியிலே விற்றதும் உண்டு. 1844இல் வந்த கார்டனரும், 1849 முதல் 30 ஆண்டுகளுக்கு மேலாகப் பணிபுரிந்த துவெயிற்சும், அவருக்குப் பின் திரைமனும் அதனை உலகறிந்த தாவரவியற் பூங்கா ஆக்கினர். கோப்பியும் சிங்கோனாவும் தேயிலையும் இறப்பரும் அங்கே ஆராயப்பட்டதைப் பாடநூல்கள் எல்லாம் பேசும். வீட்டு முற்றத்துப் பூஞ்செடிகளும் அவ்வாயில் வழியாகவே நாட்டுக்குள் நுழைந்தன என்பதைப் பேசுவோர் குறைவு.

இங்கிலாந்திலிருந்து வந்தோர் முதலிலே தம் நாட்டுச் செடிகளையே நாடினர். அங்கே பல்லாண்டுச் செடி என்பது கோடையிற் பூத்து, குளிர்காலத்திலே தண்டு மடிந்து, வேர் மட்டும் உறங்கி, வசந்தத்தில் மீண்டும் எழுவது. கண்டியோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருப்பது; அங்கே குளிர்காலம் என ஒன்றில்லை. உறங்க வேண்டிய வேர் உறக்கமின்றித் தளர்ந்தது; ஐப்பசி மழையில் அழுகியது. அத்தகைய செடிகளை விரும்பியோர் நுவரெலியாவுக்கும், 1861இற் சிங்கோனாவுக்கெனத் தொடங்கிய அக்கலைத் தோட்டத்துக்கும் ஏறிச்செல்ல நேர்ந்தது. கண்டி வளவுகளுக்குத் தென்னமெரிக்காவும் மெக்சிக்கோவும் மேற்கிந்தியத் தீவுகளுமே பொருந்தின. 1895இற் பேராதனைக்கு வந்து, 1925 வரை அங்கே பணியாற்றிய மக்மில்லன், வெப்ப நாட்டுத் தோட்டக்கலை பற்றி 1910இல் வெளியிட்ட கைந்நூல் இவ்வனுபவத்தின் விளைவேயாகும். அந்நூல் பலமுறை திருத்தி அச்சிடப்பட்டு இலங்கைக்கு வெளியேயும் பரவியது.

அவ்வாறு வந்து நிலைத்தவற்றுள் போகன்வில்லா ஒன்று. பூகன்வில் என்னும் பிரெஞ்சுக் கப்பற்றலைவருடன் உலகஞ்சுற்றிய கொமர்சன் என்னும் தாவரவியலார் பிரேசில் நாட்டிலே அதனைக் கண்டெடுத்து, தலைவரின் பெயரையே சூட்டினார். இன்று கண்டியின் மதில்கள்தோறும் தொங்கும் செந்நிற வகைகள் பலவற்றுக்கு முன்னோடி, 1910இற் கொலம்பியாவின் கார்த்தகேனா நகரத் தோட்டமொன்றில் ஓர் அம்மையார் கண்டெடுத்த செடி. நிறம் காட்டுவது இதழன்று, பூவடிச் செதில். உண்மையான பூ அதன் நடுவே சிறு குழலாய், வெண்மையாய், எவரும் கவனியாது நிற்கும்.

விகாரைகளின் முற்றத்திலே பாற்பூ சொரிந்து நிற்கும் மரத்தின் கதை இன்னும் சுவையானது. சிங்களர் அதனை அரலியா என்பர். தமிழகத்தில் அதன் பெயர்களுள் ஒன்று ஈழத்தலரி, மலையாளத்திலே ஈழச்செம்பகம். பெயரைக் கேட்போர் ஈழத்தின் பழைய மரம் என எண்ணுவர். மரமோ அமெரிக்க வெப்ப நாட்டுக்கு உரியது. அயலார் அதனை ஈழத்தோடு சேர்த்தே அறிந்தனர் என்பதற்கு மேலாக அப்பெயரிலிருந்து எதனையும் பெறுதல் இயலாது. ஆயினும் புத்தர் சந்நிதியில் நாள்தோறும் படைக்கப்படும் பூ வேற்றுநாட்டது என்று எவரும் குறை சொல்வதில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

இனி மறுபக்கம். 1826ஆம் ஆண்டிலே பேராதனைப் பூங்கா வழியாக லந்தானா இலங்கைக்குள் வந்தது. தமிழர் அதனை நாயுண்ணி என்றும் உண்ணிச்செடி என்றும் வழங்குவர். ஒரே கொத்திலே மஞ்சளும் சிவப்பும் கலந்த பூ. ஆண்டு முழுதும் பூக்கும் இயல்பு. வரட்சியும் மழையும் ஒன்றெனத் தாங்கும் வலிமை. முள் நிறைந்த தண்டாதலின் வேலிக்கும் ஏற்றது. வீட்டுத் தோட்டக்காரர் வேண்டுவன யாவும் அதனிடம் இருந்தன. அக்குணங்களே கேடாயின. கரிய சிறு பழங்களைப் பறவைகள் தின்று, காணி காணியாக விதைத்தன. 1869இற் கோப்பி இலையிலே செந்துரு நோய் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுகளிற் கோப்பித் தோட்டங்கள் பாழடைந்தபோது, கைவிடப்பட்ட சரிவுகளிற் புகுந்தவற்றுள் இச்செடி முதன்மையானது. அதன் இலையைத் தின்ற மாடுகள் ஈரல் கெட்டு நோயுற்றன. மன்னனின் பிச்சிப்பூவுக்கு வேலியிட ஆள் வேண்டியிருந்தது. லந்தானாவுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதன் பின்னும் பாடம் படிக்கப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மெக்சிக்கோவிலிருந்து வந்த காட்டுச் சூரியகாந்தி இன்று கண்டியைச் சூழ்ந்த பாதையோரங்களைப் பொன்மயமாக்குகின்றது. பேருந்திற் செல்வோர் மகிழ்கின்றனர், காணிக்காரர் வெட்டிக் களைக்கின்றனர். 1888இற் பேராதனைக்கு வந்த மைக்கோனியா, பூவுக்காகவன்றி, அடிப்புறம் ஊதாநிறம் கொண்ட பேரிலைக்காக விரும்பப்பட்டது. ஈரலிப்பான மலைக்காடுகளில் அது தன் நிழலாலேயே ஏனைய நாற்றுகளைக் கொல்லுகின்றது. தஹித்தித் தீவிலே 1937இல் அழகுக்கென நடப்பட்ட அதே மரம், தீவின் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே குளத்தழகுக்கென வந்த ஆகாயத்தாமரையை ஒழிக்க, 1909இல் இலங்கைச் சட்டசபை தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. கண்டி மன்னரின் அரண்மனை வளவாயிருந்த உடவத்தகலைக் காட்டினுள்ளே, வரவேற்பறைப் போத்தலில் வளர்க்கும் மணிபிளான்ட் கொடி, கையகல இலை பரப்பிப் பெருமரங்களின் உச்சிவரை ஏறி நிற்பதைக் காணலாம். போத்தலில் அது எத்துணை அடக்கமான செடி!

வேற்றுநாட்டுச் செடி என்பதனாலேயே கேடு விளைந்ததெனக் கூறின், அரலியாவும் போகன்வில்லாவும் மறுத்துரைக்கும். வேறுபாடு பிறந்த நாட்டில் இல்லை. இனம் பெருகும் வகையில் இருக்கின்றது. போகன்வில்லாவின் கலப்பு வகைகள் பெரும்பாலும் விதை கொடா. முற்றத்துச் செவ்வரத்தை, சிறப்பாக அடுக்குப்பூ வகை, காய்ப்பது அரிது. அரலியா போத்து நட்டே பெருக்கப்படுவது. அதன் விதையைத் தின்று பரப்பும் பறவையும் இல்லை. இச்செடிகள் மனிதர் கை தொட்ட இடத்துக்கே செல்லும். மனிதர் வெட்டினால் அங்கேயே முடியும். லந்தானாவுக்கும் மைக்கோனியாவுக்கும் பறவை உண்டு, காட்டுச் சூரியகாந்திக்குக் காற்றும் ஓடுநீரும் வண்டிச் சக்கரமும் உண்டு. நாற்றுமேடைக்காரர் ‘இது தானாகவே வளரும்’ என்று புகழும்போது, வாங்குவோர் சற்றுத் தயங்கி, அது எதனால் பெருகுகின்றது என வினவுதல் நன்று. பூவின் நிறத்தைக் கேட்குமுன் பழத்தின் அளவைக் கேட்டல் வேண்டும்.

பல்லாண்டுச் செடியை நடுவோர் அந்நிலத்திலே பல்லாண்டு இருப்போம் என நம்புவோர். கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலே அந்நம்பிக்கை எல்லார்க்கும் எளிதாயிருக்கவில்லை. கோப்பிக் காலத்திலே தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், பிள்ளையும் பேரனும் கண்ட பின்னரும், லயத்து வாசலிலுள்ள சிறு துண்டு நிலத்துக்கும் உரிமையற்றவராகவே வாழ்ந்தனர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவருள் மிகப் பலரின் குடியுரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. எனினும் அத்துண்டு நிலத்திலே செவ்வரத்தையும் செவ்வந்தியும் துளசியும் நின்றன. மாரியம்மன் பூசைக்குப் பூ வேண்டும். கடையில் வாங்கக் காசு இல்லை. அவர் தெரிந்த செடிகள் பெரும்பாலும் போத்தாலும் பக்கக் கன்றாலும் பெருகுவன. ஒரு வாசலிலிருந்து மறுவாசலுக்கு விலையின்றிச் சென்றவை. ஊர்விட்டுப் போனோரின் செடி அயல்வீட்டிலே தொடர்ந்து பூப்பதற்கும் அவ்வகையே இடங்கொடுத்தது.

இனி, இத்தீவுக்கே உரிய செடிகளைக் கண்டித் தோட்டங்கள் நெடுங்காலம் புறக்கணித்தன என்பது வருந்தத்தக்கது. வெட்சி இங்குள்ளது, சங்க காலத் தமிழருக்கும் அறிமுகமானது, வெயிலில் ஆண்டு முழுதும் பூப்பது. கார்த்திகைப்பூ மழையோடு எழுந்து, கொடியேறிப் பூத்து, மடிந்து, கிழங்காய் உறங்கும். ஆங்கிலேயர் தேடிய உறங்கும் வேர் இங்கேயே இருந்தது. ஆயின் அதன் கிழங்கு கொடிய நஞ்சு; குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு ஆகாது. சிங்களர் போவிட்டியா எனக் கூறும் புதர், கண்டிப் பாதைச் சரிவுகளிலே ஊதாப்பூ ஏந்தி நிற்கின்றது. அதனைத் தொட்டியில் விற்போர் சிலரே. வெசாக் மாதத்தை ஒட்டிப் பூப்பதால் வெசாக் மலர் எனப்படும் ஓர்க்கிட், தேசாதிபதி மக்கார்த்தியின் மனைவியார் பெயரால் உலகுக்கு அறிமுகமாயிற்று. அளவுமீறிப் பறிக்கப்பட்டதால் காட்டில் அருகிவிட்டது. அதனைக் காட்டிலிருந்து பெயர்த்தெடுத்தல் இன்று சட்டப்படி குற்றம். நாற்றுமேடையில் வளர்த்த கன்றையே வாங்குதல் வேண்டும்.

அந்தூரியம் பற்றி ஒரு சொல். 1876இற் கொலம்பியாவிலிருந்து ஐரோப்பா சென்ற அச்செடி, பிற்காலத்திலே கண்டிப் பெண்கள் பலருக்குச் சிறு வருவாய் தரும் வீட்டுத் தொழிலாயிற்று. பலாவின் நிழலும் தும்புத்தூளும் ஈரக்காற்றுமே அது கேட்பவை. பக்கக் கன்றாலே பெருகும், வேலி தாண்டாது.

நடுதற்குரிய காலம் கண்டியில் இருமுறை வரும். வைகாசி, ஆனியில் தென்மேற்கு மழை ஊன்றிய பின்னரும், ஐப்பசி மழையின் தொடக்கத்திலும் போத்துகள் வேரூன்றும். தை முதல் பங்குனி வரை வரட்சியாதலின் புதுச்செடிக்கு ஆகாது. அரலியாப் போத்தை வெட்டியவுடன் நடலாகாது. பால் உலரும்வரை சில நாட்கள் நிழலிற் கிடத்தி, பின்னரே நடுதல் வேண்டும். சரிவு நிலத்திலே நீர் தேங்காதெனினும் மண் கழுவிச் செல்லுமாதலின், மேட்டுப்புறத்தில் வெட்சியை நிரையாக நட்டு, அதன் கீழே கிழங்குச் செடிகளை வைப்பது கண்டி வளவுகளுக்குப் பொருந்தும். பழைய வேலியிலே உண்ணிச்செடி இருப்பின், பழம் கறுக்குமுன் வேரோடு அகற்றிவிடுதல் வேண்டும்.