நுண்பாசிகளின் வைட்டமின் தேவையும் வெப்பநிலையும்

நுண்பாசி ஒன்றுக்கு எந்த வைட்டமின் எவ்வளவு வேண்டும் என்பது நிலையான கணக்கு அல்ல; வளரும் நீரின் வெப்பம் ஏறினால் தேவையும் மாறும். இதற்கு நன்கு ஆராயப்பட்ட சான்று கிளாமிடோமோனஸ் ரெயின்ஹார்ட்டி. கிண்ண வடிவப் பசுங்கணிகமும் இரண்டு கசையிழைகளும் கொண்ட, பள்ளிப் பாடநூலில் பலரும் படம் வரைந்த அதே பாசிதான்.

செல்லுக்கு இன்றியமையாத மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தைத் தயாரிக்க இதனிடம் இரண்டு நொதிகள் உள்ளன. மெட்-ஈ நொதிக்கு வைட்டமின் பி12 வேண்டாம். மெட்-எச் அது இல்லாமல் இயங்காது. சாதாரண வெப்பத்தில் மெட்-ஈ போதும் என்பதால் பாசி பி12 கேட்பதில்லை. கடும் வெப்பத்திலோ மெட்-ஈ மரபணுவின் செயல்பாடு ஒடுங்குகிறது, மெத்தியோனின் குறைகிறது, பச்சை நிறம் வெளுத்துச் செல்கள் மடிகின்றன. அதே வெப்பத்தில் பி12 கலந்தால் மெட்-எச் வேலையை ஏற்றுக்கொள்ள, பாசி பிழைக்கிறது. 2013இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. பி12 தயாரிக்கும் பாக்டீரியாக்கள் உடனிருந்தாலும் இதே பலன்தான். பாசிகளால் பி12ஐத் தாமே தயாரிக்க முடியாது என்பதால் இந்தக் கூட்டுக்கு மதிப்பு அதிகம்.

ஆகவே 'இந்தப் பாசிக்கு வைட்டமின் தேவையில்லை' என்ற ஆய்வகக் குறிப்பை, சோதித்த வெப்பநிலையோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஓக்ரோமோனாஸ் மல்ஹாமென்சிஸ் என்ற நுண்பாசி இன்னொரு வகை. அதற்கு எப்போதுமே பி12 வேண்டும். உணவு, மருந்துகளில் பி12 அளவைக் கணிக்கவே அதைப் பயன்படுத்தினர். வெப்பம் கூடினால் அதன் தேவையும் கூடுவதை 1950களிலேயே கண்டிருந்தனர்.