கையால் பின்னிய பரிசும் திருப்பூர் பிசிறும்: ஒரு வரலாற்று த்ரெட்

1. உலகத்துக்கே பனியன் பின்னித் தர்ற ஊர் திருப்பூர். ஆனா வீட்ல உட்கார்ந்து, ரெண்டு ஊசியும் உல்லன் நூலும் வெச்சு பேரனுக்கு ஸ்வெட்டர் பின்ற அமுச்சியை இங்க பார்க்கிறது அபூர்வம். அப்போ குடும்பத்துக்குக் கையால செஞ்சு கொடுக்கிற பழக்கமே நம்மகிட்ட இல்லையா? இருந்துச்சு, வேற வடிவத்துல. அந்த வரலாறு கொஞ்சம், கடைசியில கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்கு ஒரு முக்கியமான விஷயம். நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2. முதல்ல ஒரு அடிப்படை. நெசவுன்னா பாவு, ஊடைன்னு ரெண்டு நூல் குறுக்கும் நெடுக்குமா போகும். பின்னல்ல ஒரே நூல் போதும். ஒரு வளையத்துக்குள்ள இன்னொரு வளையம், அவ்ளோதான். இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். அதனாலதான் குளிர் நாடுகள்ல தலை, பாதம், விரல் மாதிரி வளைவான இடங்களுக்குப் பின்னல் பொருத்தமா இருந்துச்சு. தொப்பி, சாக்ஸ், கையுறை எல்லாம் வீட்டுப் பெண்கள் கையிலேயே உருவாச்சு.

3. 1589-ல் இங்கிலாந்தோட நாட்டிங்காம் பக்கம் கால்வர்ட்டன் கிராமத்துல வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்ற இயந்திரத்தைக் கண்டுபிடிச்சார். முதலாம் எலிசபெத் ராணி காப்புரிமை தர மறுத்துட்டாங்க. கையால பின்றவங்க பிழைப்பு போயிடும்னு ராணி கவலைப்பட்டதா ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, இன்னைக்கு திருப்பூர் நிட்டிங் யூனிட்ல ஓடுற மெஷின் எல்லாம் அந்த மெஷினோட வாரிசுகள்தான்.

4. இப்போ நம்ம ஊர். கொங்கு வெயில்ல உல்லன் ஸ்வெட்டர் யாருக்கு வேணும்? நமக்குப் பருத்திதான். நம்ம நாட்டுல கையால செஞ்ச பரிசு நூலா வந்துச்சு, ராட்டையில நூற்ற நூலா.

5. 1942 மார்ச் 26, இந்திரா காந்தி கல்யாணம். அன்னைக்கு அவங்க கட்டின இளஞ்சிவப்பு கதர் புடவை, அப்பா நேரு சிறையில இருந்தப்ப நூற்ற நூல்ல நெய்தது. 1944 பிப்ரவரி 22-ல் ஆகா கான் மாளிகைக் காவல்ல கஸ்தூரிபா இறந்தாங்க. கடைசியா அவங்க உடம்புக்கு உடுத்தினது காந்தி நூற்ற நூல்ல நெய்த புடவை.

6. 1947 நவம்பர்ல இளவரசி எலிசபெத்துக்குக் கல்யாணம். காந்தி தான் நூற்ற நூல்ல பின்னின ஒரு பருத்தி லேஸை அனுப்பினார். நடுவுல ‘ஜெய் ஹிந்த்’. மணப்பெண்ணோட பாட்டி மேரி ராணி அதை காந்தியோட கோவணம்னு நினைச்சு முகம் சுளிச்சதா சொல்வாங்க!

7. இதுக்கும் திருப்பூருக்கும் என்ன சம்பந்தம்? 1925-ல் காந்தி அகில இந்திய சர்க்கா சங்கத்தை ஆரம்பிச்சார். அதோட தமிழ்நாட்டுக் கிளைக்குத் தலைமையிடம் திருப்பூர். சுத்துப்பட்டு கிராமங்கள்ல பெண்கள் நூற்ற நூல் இங்க வந்து கதராச்சு. 1932-ல் குமரன் கொடியோட அடி வாங்கி உயிர்விட்ட ஊரும் இதுதான்.

8. ஆனா ஒண்ணு கவனிக்கணும். நேரு மகளுக்காக நூற்றார். கிராமத்துப் பெண் கூலிக்காக நூற்றாள். மழை இல்லாத வருஷத்துல அந்தச் சில அணாதான் அவ குடும்பத்துக்குக் கஞ்சி. தலைவர்கள் நூற்ற நூல் புத்தகத்துல ஏறிடுச்சு. அவ நூற்ற நூல் யார் உடம்புல போச்சுன்னு யாருக்கும் தெரியாது.

9. அதே காலகட்டத்துல இங்க பனியன் யூனிட்களும் முளைச்சுது. பல வருஷம் உள்நாட்டுக்கு வெள்ளை பனியன், ஜட்டி. 1970-களோட கடைசியில ஏற்றுமதி ஆரம்பம். நிட்டிங், டையிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங்னு ஒரு சட்டை எத்தனையோ கை மாறுது. ‘மெஷின் செஞ்சது’ன்னு சொல்றோம், ஆனா கை படாத பனியன் இந்த ஊர்ல கிடையாது.

10. அதுல கவனிக்கப்படாத ஒரு வேலை: பிசிறு வெட்டுறது. தைச்ச துணியில நீட்டிக்கிட்டு இருக்கிற நூலை சின்ன கத்தரியால வெட்டணும். பெரும்பாலும் பெண்கள். டெய்லருக்கு இருக்கிற மதிப்பும் கூலியும் இவங்களுக்குக் கிடையாது. இது என்ன பெரிய வேலைன்னு கேட்கிறவங்களுக்குத்தான் அடுத்த ட்வீட்.

11. நல்லா பால் குடிச்ச குழந்தை, காரணமே தெரியாம வீறிட்டு அழும். சாக்ஸைக் கழட்டினா ஒரு கால் விரல் மட்டும் சிவந்து வீங்கியிருக்கும். உத்துப் பார்த்தா அடியில ஒரு நூல், இல்லைன்னா அம்மாவோட தலைமுடி, இறுக்கமா சுத்தியிருக்கும். இதுக்கு ஹேர் த்ரெட் டூர்னிகெட்னு பேர். ரத்த ஓட்டம் நின்னா விரலே போகலாம். பிரசவத்துக்கு அப்புறம் அம்மாக்களுக்கு முடி கொட்டுறதும் ஒரு காரணம். சாக்ஸ், கையுறைக்குள்ள இருக்கிற பிசிறு இன்னொரு காரணம். அந்தப் பிசிறை வெட்டுற பெண் ஒரு குழந்தையோட விரலைக் காப்பாத்துறா. அது அவளுக்கும் தெரியாது, போட்டுக்கிற குழந்தைக்கும் தெரியாது.

12. அடுத்து தொப்பி. 1978-ல் கொலம்பியாவோட பொகோட்டா நகர்ல இன்குபேட்டர் பத்தலை. டாக்டர் எட்கர் ரே எடை குறைஞ்ச குழந்தைகளை அம்மாவோட நெஞ்சுலயே ஒட்டி வைக்கச் சொன்னார். இதுதான் கங்காரு முறை. இன்னைக்கு நம்ம அரசு மருத்துவமனைகள்லயும் இதேதான். குழந்தைக்குத் துணி அதிகம் வேண்டாம்: தொப்பி, நாப்கின், சாக்ஸ், அம்மாவோட சூடு. தொப்பி ஏன்? உடம்புப் பரப்புல பெரியவங்களுக்குத் தலையும் கழுத்தும் சேர்ந்து சுமார் 9%, கைக்குழந்தைக்கு 18%. சூடு அந்த வழியா வேகமா போயிடும்.

13. அதனால குழந்தைக்குக் கையால ஏதாவது செஞ்சு கொடுக்க ஆசைப்படுற அமுச்சி, அப்பத்தா, அத்தைகளுக்கு:
– உல்லன் வேண்டாம், மெல்லிசான பருத்தி போதும். பனியன் துணியில தைச்ச தொப்பி அருமை.
– இறுக்கமா, கயிறு வெச்சு, மணி கோத்து வேண்டாம்.
– கொடுக்கிறதுக்கு முன்னாடி உள்பக்கம் திருப்பி பிசிறு வெட்டுங்க. துவைச்சுக் கொடுங்க.
– நிறைமாசத்துல பிறந்து நல்லா இருக்கிற குழந்தைக்கு சித்திரை வெயில்ல நாள் முழுக்க தொப்பி, சாக்ஸ் தேவையில்லை. வேர்க்குருதான் வரும்.
– விரல் வீங்கி, சுத்தி பள்ளம் தெரிஞ்சா எண்ணெய், மஞ்சள்னு நேரம் கடத்தாதீங்க. உடனே ஆஸ்பத்திரி.

14. கடைசியா வீட்டு ஆம்பளைங்களுக்கும் கம்பெனி முதலாளிகளுக்கும். கங்காரு முறைக்கு அம்மா தினமும் பல மணி நேரம் குழந்தையை நெஞ்சுல வெச்சிருக்கணும். ஷிப்ட்டுக்குக் கூப்பிட்டா அது நடக்காது. எடை குறைஞ்ச குழந்தைக்குத் தர்ற பெரிய பரிசு அந்த நேரம்தான். அம்மா அசந்தா அப்பா வெச்சுக்கலாம், பாட்டி வெச்சுக்கலாம். பின்னத் தெரியணும்னு அவசியமே இல்லை.