அறுகம்குடா: ஒரு கரையின் உரிமை வரலாறு

கிழக்கிலங்கையின் கரையோர ஊர்களுள் வெளிநாட்டாரால் இன்று பெரிதும் அறியப்பட்டது அறுகம்குடாவேயாகும். அலைச்சறுக்கு விளையாட்டின் பொருட்டு ஆண்டுதோறும் பல நாட்டவரும் இங்கு வந்து கூடுகின்றனர். ஆயின், இவ்வூரின் வரலாறு அவர்களது வருகையுடன் தொடங்கியதன்று. இக்கரையை யார் பயன்படுத்தினர், யார் அதற்கு உரிமை கோரினர் என்ற வினாக்களை முன்வைத்து அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அம்பாறை மாவட்டம் 1961இல் தனியாக வகுக்கப்படும்வரை பொத்துவிற் பிரதேசம் மட்டக்களப்பு மாவட்டத்துள் அடங்கியிருந்தது. முஸ்லிம்களும் தமிழரும் வாழும் பொத்துவில், தெற்கே சிங்களவரும் தமிழரும் கலந்து வாழும் பாணமை, அதற்கப்பால் உகந்தை முருகன் ஆலயம் என இக்கரை தொடர்கின்றது. கதிர்காமத்திற்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் இவ்வழியையே மேற்கொள்வர். பொத்துவிற் கடலோரத்திலுள்ள முகுது மகா விகாரையின் இடிபாடுகள் இப்பகுதியின் பௌத்தத் தொன்மையைக் காட்டுகின்றன. எனவே, இது பல சமூகத்தாரின் நினைவுகள் ஒருங்கே படிந்த கரை என்பது தெளிவு.

இங்கு அலை சிறப்பதற்கான காரணம் நிலவமைப்பிலும் காற்றிலும் உள்ளது. தெற்கே இந்து சமுத்திரத்தின் தொலைவில் எழும் புயல்கள் தோற்றுவிக்கும் அலைகள் குடாவின் தென்முனையிற் சுற்றி வளைந்து, ஆழங் குறைந்த தரையின்மேல் வரிசையாக உடைகின்றன. ஏறத்தாழ ஏப்பிரல் முதல் ஒக்டோபர் வரை நிலவும் தென்மேற்குப் பருவத்தில், தரையிலிருந்து கடல் நோக்கி வீசும் கச்சான் காற்று அவ்வலைகளின் முகத்தை ஒழுங்குபடுத்துகின்றது. இதே பருவத்திற் கடற்றொழிலும் நடைபெறுகின்றது. அதாவது, தோணிகளை ஏற்றி வைக்கவும் வலைகளை உலர்த்தவும் மீனவருக்குக் கரை தேவைப்படும் மாதங்களிலேயே பயணிகளுக்கும் அது தேவைப்படுகின்றது. பிற்கால முரண்பாடுகள் சிலவற்றின் வேர் இதுவெனலாம்.

1970களில் வெளிநாட்டு அலைச்சறுக்கு வீரர் இங்கு வரத் தொடங்கினர். உல்லைக் கிராமத்தில் ஓலைக் குடில்களும் சிறு விடுதிகளும் எழுந்தன. 1983இல் மூண்ட போர் அவ்வளர்ச்சியைப் பெரிதும் தடுத்தது. பின்னர், 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையின் மாவட்டங்களுள் இதுவே மிகப் பெரிய இழப்பாகும்.

அழிவைத் தொடர்ந்தே உரிமைப் பிரச்சினை வெளிப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என 2005இல் அரசு விதித்தது. தெற்கிலும் மேற்கிலும் இத்தூரம் 100 மீற்றராக இருந்தது. சுற்றுலா விடுதிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. அறுகம்குடாவைப் பெரும் உல்லாசத் தலமாக்கும் திட்டமொன்றும் வெளியாயிற்று. உயிர்காக்கும் பாதுகாப்பு என்ற நியாயம் மீனவனின் குடிலுக்குப் பொருந்துமெனில், விடுதிக்குப் பொருந்தாதது எங்ஙனம்? இவ்வினாவை எழுப்பி ஊர்மக்கள் எதிர்த்தனர். அவ்வெல்லை பின்னர் தளர்த்தப்பட்டது.

எனினும், மக்களது நிலை வலுவற்றதாக அமைந்தமைக்கு மிகப் பழைய காரணமொன்றுண்டு. உரிமை நிறுவப்படாத காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும் முடிக்குரியனவாகக் கருதிய 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமே அது. உறுதிப் பத்திரத்தையே அச்சட்டம் பெரிதும் மதித்தது. கடற்றொழிலாளரின் உரிமையோ தோணி ஏற்றும் இடம், வலை இழுக்கும் இடம் என வழக்கத்தால் அறியப்பட்டதாகும். எழுத்தில் இல்லாத வழக்கம் எழுத்திலுள்ள திட்டத்தின்முன் தளர்வது இயல்பே.

போர் 2009இல் முடிந்தபின் பயணிகள் பெருகினர். 2019இல் உலக அலைச்சறுக்குக் கழகத்தின் தகுதிகாண் போட்டியொன்று இங்கு நடைபெற்றது. அதற்கு முந்திய ஆண்டில் உள்ளூர்ப் பெண்கள் தமக்கெனச் சறுக்குக் கழகமொன்றை அமைத்தமை குறிப்பிடத்தக்கது. பிறர் விளையாடக் கரையில் நின்று பார்த்த சமூகத்துப் பெண்கள் தாமே அலையில் இறங்கியமை, கரையின் பயன் அவ்வூராருக்கும் உரியதாகலாம் என்பதற்குச் சான்றாகும்.

சுற்றுலாவை முற்றாக மறுப்பதோ கண்மூடி வரவேற்பதோ தீர்வன்று. யார் எவ்விடத்தில் தோணி ஏற்றினர், எந்த வழியாற் கடலுக்குச் சென்றனர் என்ற செய்திகள் முதியோரின் நினைவில் இன்றும் உள்ளன. அவர்கள் வாழும்போதே அவற்றை மும்மொழியிலும் பதிவு செய்தல் வரலாற்று மாணவரின் கடனாகும். அடுத்த திட்டம் வரையப்படும்போது அப்பதிவே அம்மக்களுக்குச் சான்றாக நிற்கும்.