கரும்புத் தோட்டத்தில் பிறந்த தடை

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் இன்று ஒரு பையனின் சட்டைப்பையில் கஞ்சாப் பொட்டலம் பிடிபட்டால், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி வழக்கு விழும். என்.டி.பி.எஸ். என்று சொன்னாலே பெற்றவர்கள் வக்கீல் வீட்டுக்கு ஓடுவார்கள். அந்தச் சட்டத்தை இயற்றியது டெல்லி. ஆனால் அதன் பூர்வீகத்தைத் தேடினால் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு, நேட்டாலில் கரும்பு வெட்டப் போன நம் சனங்களின் குடிசைக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அடுத்தடுத்த கப்பல்களில் வட ஆர்க்காடு, சித்தூர் பக்கத்து ஆட்கள் ஏராளமாகப் போனார்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் காலூன்றிய பிறகு, அதே சீமையிலிருந்துதான் குடும்பம் குடும்பமாகச் சுரங்க வேலைக்கும் வந்தார்கள். ஒரே ஊரில் ஒருவர் கப்பல் ஏறியிருப்பார், இன்னொருவர் மாரிக்குப்பத்துக்கு மூட்டை கட்டியிருப்பார்.

கஞ்சாச் செடியை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனவர்கள் நம்மவர்கள் அல்ல. டச்சுக்காரர்கள் கேப் பகுதியில் இறங்கிய 17-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே ‘டக்கா’ என்ற பெயரில் கஞ்சா புழக்கத்தில் இருந்தது. கொய்கொய் மக்கள் அதைப் பண்டமாற்றாக வாங்கினார்கள். செடி முன்பே இருந்தது. நேட்டாலில் தடை வந்தது நம்மவர்கள் போன பிறகு.

1870-இல் நேட்டால் அரசு தன் கூலிச் சட்டத்தைத் திருத்தித் தொகுத்தது. அதில் ஒரு பிரிவு: கூலிகள் கஞ்சா புகைக்கக்கூடாது, வைத்திருக்கக்கூடாது, அவர்களுக்கு யாரும் விற்கவோ சும்மா கொடுக்கவோ கூடாது. தோட்ட முதலாளிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 1880-களில் இந்தியக் குடியேறிகளின் நிலையை விசாரித்த ராக் கமிஷனும் கஞ்சாவைக் கண்டித்தது. ஆள் வேலைக்கு ஆகாமல் போகிறான் என்பதுதான் கமிஷனின் புகார். ஐந்து வருட ஒப்பந்தத்தில் கட்டுண்டு, விடியும் முன்னே வெட்டுக்கத்தியோடு வரப்பில் நின்ற மனிதன் எதை மறக்கப் புகைத்தான் என்பதை அந்தச் சட்டப்பிரிவு பொருட்படுத்தவில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

இந்தியாவில் கதை வேறு மாதிரி நடந்தது. 1893-இல் அமைத்த கஞ்சா விசாரணைக் கமிஷன் 1,193 சாட்சிகளை விசாரித்தது. வைத்தியர், சாமியார், அதிகாரி, விவசாயி என்று யாரையும் விடவில்லை. மறு ஆண்டு வெளிவந்த அறிக்கை, மிதமாகப் பயன்படுத்துவோருக்குப் பெரிய கேடு இல்லை, தடை வேண்டாம், லைசென்ஸும் வரியும் போதும் என்றது. ஒரே பிரிட்டிஷ் சாம்ராஜ்யம். தீர விசாரித்த இடத்தில் தடை இல்லை. கூலியாளை மட்டும் கணக்கெடுத்த இடத்தில் தடை.

கடைசியில் ஜெயித்தது நேட்டால் வழிதான். தென்னாப்பிரிக்கா 1922-இல் நாடு முழுக்க டக்காவைத் தடை செய்தது. மறு வருடமே, அபினைப் போல இதையும் உலகளவில் கட்டுப்படுத்த வேண்டும் என்று சர்வதேசச் சங்கத்துக்கு (லீக் ஆஃப் நேஷன்ஸ்) கடிதம் எழுதியது. 1925 ஜெனீவா மாநாட்டில் எகிப்தின் பிரதிநிதி எல் கிண்டி ஆவேசமாக வாதாட, கஞ்சா உடன்படிக்கைக்குள் வந்தது. 1961 ஐ.நா. உடன்படிக்கை அதை இன்னும் இறுக்கியது. மருத்துவத்துக்கு அப்பாற்பட்ட கஞ்சாப் புழக்கத்தை ஒழிக்க, பழக்கமுள்ள நாடுகளுக்கு 25 வருட அவகாசம் கொடுத்தது. அந்தக் கெடு முடியுமுன் 1985-இல் இந்தியா சட்டம் போட்டது. இன்று அதன்படி கஞ்சா இருபது கிலோவைத் தாண்டினால் குறைந்தது பத்து வருடம் கடுங்காவல், ஜாமீனும் அரிது.

போதை வேண்டாம் என்ற குரல் தங்கவயலுக்குப் புதிதல்ல. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்தம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேர்விட்டபோது பஞ்சசீலமும் கூடவே வந்தது. மயக்கம் தருவதை விலக்கு என்பது அதன் ஐந்தாவது சீலம். அது உழைக்கும் மக்கள் தங்கள் மரியாதைக்காகத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. கரும்பு டன் குறையக்கூடாது என்று மேலிருந்து வந்த தடையையும் இதையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. போதையில் பிள்ளையை இழந்த தாயின் வேதனை உண்மை. அவளுக்கு வேண்டியது மருத்துவர். பிள்ளையைக் கூண்டில் ஏற்றுவதால் அவளுக்கு என்ன கிடைக்கிறது?

2001 பிப்ரவரியில் தங்கவயல் சுரங்கத்தை மூடினார்கள். இப்போது பிழைப்பு பெங்களூரில். விடியற்கால ரயிலில் கூட்டம் நெரிகிறது. கஞ்சாத் தடை மட்டும் மாறவில்லை. நேட்டால் பக்கமோ காற்று மாறிவிட்டது. 2018 செப்டம்பர் 18 அன்று தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம், வயது வந்தவர் தனக்கென்று தன் இடத்தில் வளர்ப்பதையும் பயன்படுத்துவதையும் குற்றமாக்குவது அந்தரங்க உரிமைக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. 2024 மே மாதம் அதிபர் ராமபோசா அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். விற்பனை இன்னும் குற்றம்தான்.

டர்பனில் வாழும் ஆர்க்காட்டுக்காரரின் கொள்ளுப்பேரன் தன் வீட்டில் செடி வளர்க்கலாம். தங்கவயலில் இருக்கும் அவன் பங்காளி வளர்த்தால் பத்து வருடம் வரை சிறை. இலையை அரைத்துக் குடிக்கும் பாங்குக்கு மட்டும் விலக்கு உண்டு. 2022-இல் கர்நாடக உயர்நீதிமன்றமே ஒரு ஜாமீன் வழக்கில் அதைச் சொன்னது. வடக்கே ஹோலிக்கு ஊரே குடிக்கும் இலை சட்டத்துக்கு வெளியே நிற்கிறது, அதே செடியின் பூவைப் புகைக்கிறவன் உள்ளே போகிறான்.